காலி ஆணி

ஏசுபாதம் சாகும்போது மகள் ஐடாவுக்கு விட்டுப்போனது இரண்டு. ஒன்று, 1147 என்று எண் அடித்த பித்தளைப் பில்லை. இன்னொன்று, ஒரு விதி.

பில்லை எதற்கென்று கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசலில் ஒரு பெரிய பலகை இருக்கும். பலகை முழுக்க ஆணி. ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு பில்லை. ஷிப்டுக்கு இறங்குகிறவன் தன் பில்லையை எடுத்துக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவான். வேலை முடிந்து மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். ஷிப்டு முடிந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால் கீழே ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். உடனே தேட ஆள் இறங்கும்.

விதி இதுதான். கீழே லாம்ப் அணைந்துவிட்டால் நடக்காதே. சுவரோரமாக உட்கார். கைக்குக் கிடைத்த கல்லை எடுத்துக் காற்றுக் குழாயைத் தட்டு, மூன்று மூன்றாக. ஆள் வரும். இருட்டில் நடந்தவன் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை என்பார் ஏசுபாதம். அவரே ஒரு தடவை பாறை வெடித்து வழி மூடியபோது ஒன்றரை ஷிப்டு அப்படி உட்கார்ந்து தட்டியவர். வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவர் செத்தது கீழே இல்லை. மேலே, கட்டிலில், நெஞ்செல்லாம் கல்தூள் இறுகிப்போய்.

பில்லையை ஐடா மாரிகுப்பம் லைன் வீட்டில், வாசல் நிலைப்படிக்கு உள்பக்கம் ஓர் ஆணியில் மாட்டி வைத்தாள். விதியை மனசில் வைத்துக்கொண்டாள்.

எட்மண்டைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அவனுக்கு முப்பத்து நாலு. பெங்களூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அவளுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை, பிறகு அங்கேயே சூப்பர்வைசர். விடியுமுன் இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவார்கள், பொழுது சாய்ந்து ஒரே ரயிலில் வருவார்கள். அவன் பேச்சுக் குறைந்த ஆள். ரயிலில் சீட்டாடும் கும்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தைப் பார்ப்பான், எப்போதாவது ஒரு கை ஆடுவான். அவளுக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவான்.

மூன்று வருஷம் ஒன்றும் கேட்காதவர்கள் நாலாவது வருஷம் கேட்க ஆரம்பித்தார்கள். சர்ச்சில் கேட்டார்கள், குழாயடியில் கேட்டார்கள், ரயிலில் கேட்டார்கள். எட்மண்டின் அக்கா டீனா ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வாரம் தவறாமல் வந்து கேட்டாள். வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு கொடுப்பார்கள் இல்லையா, அதில் எந்த பைபிள் வசனம் வந்தாலும் டீனா அதற்குள் ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவாள். மழையைப் பற்றி வந்தாலும் பிள்ளை, மதிலைப் பற்றி வந்தாலும் பிள்ளை. அவள் கெட்டவள் இல்லை. தம்பி மேல் உயிர். அதனால்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர்கள் இரண்டு பேரையும் சோதித்தார்கள். இவளிடமும் குறை இல்லை, அவனிடமும் குறை இல்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் மேலேயாவது பழி போட்டுவிட்டு அழுதிருக்கலாம், அதற்கும் வழியில்லை.

அப்புறம் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து எட்மண்ட் கொண்டு வருவான். தினமும் ஒரே நேரத்தில் அவள் வயிற்றில் அவனே போடுவான். இரும்பு பிடித்துக் காய்த்த கை. குத்துவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வான், சில்லென்று படக்கூடாது என்று. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது ஐடாவுக்கு இந்த மனுஷனுக்காக இன்னும் நூறு ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம் என்று தோன்றும்.

முதல் தடவை கரு தங்கியது. ஐந்தாம் மாசம் போய்விட்டது. பெண்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அவள் மயக்கத்தில் கிடந்தபோது, ஒரு துணியில் சுற்றி எட்மண்டிடம் கொடுத்தார்கள். அவன் அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து சாயங்கால ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தான். பெயர் வைக்காத பிள்ளைக்கு அடக்க ஆராதனை இல்லை. கல்லறைத் தோட்டத்து மூலையில் அவனே குழி தோண்டி வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அவள் கட்டிலோரம் வந்து நின்றான். நகக்கண்ணில் மண் இருந்தது. எப்படிக் கொண்டுபோனாய் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை தங்கவே இல்லை. மூன்றாவதும் தங்கவில்லை. மூன்றாவது முடிவு வந்த அன்று எட்மண்டுக்குப் பட்டறையில் ஆள் பற்றாக்குறை, அவள் தனியாகத்தான் ரயிலில் வந்தாள். மாரிகுப்பத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகும் வழியில் போகவில்லை. கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்த பையோடு, எதிரே நின்ற சயனைடு மண்மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

தங்கம் எடுத்து மிச்சம் கொட்டிய மண் அது. புல் முளைக்காத, வெளுத்த மேடு. சின்ன வயசில் தகரத் துண்டில் உட்கார்ந்து சறுக்கி விளையாடி, அம்மாவிடம் அடி வாங்கிய இடம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு அடி வைத்தால் அரை அடி சரிந்தது. உச்சிக்குப் போனபோது மூச்சு வாங்கிய வாங்கலில் அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. பத்து நிமிஷம், ஒரு கால் மணி, மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு கால் மணி அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

காற்று மண்ணைக் கிளப்பிக் கண்ணில் போட்டது. இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தாள்.

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள் ஏறினாள். லைனில் பேசினார்கள். ஏசுபாதம் மகளுக்குப் புத்தி பிசகிவிட்டது, மண்ணில் தங்கம் தேடுகிறாள் என்று சிரித்தார்கள். கம்பெனி நூறு வருஷம் தேடி முடித்த இடத்தில் இவள் என்னத்தைக் கண்டுபிடிக்கப்போகிறாள் என்று ஒருவன் கேட்டான்.

ஆபீசில் வாணி என்று ஒரு பெண். பெரிய வேலை, முப்பது வயதிருக்கும், பேச்சில் பாதி கன்னடம் பாதி இங்கிலீஷ். ஆபீஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மாசம் ஒரு மலைக்கு வேன் பிடித்துப் போவது அவள் பைத்தியம். ஒரு சனிக்கிழமை கோலார் அந்தரகங்கைக்குப் போகிற வேனில் ஒரு இடம் காலி. கேன்டீன் சாவியோடு நின்ற ஐடாவைப் பார்த்து வாணி விளையாட்டாகத்தான் கூப்பிட்டாள். ஐடா ரப்பர் செருப்போடு ஏறிக்கொண்டாள்.

மலைமேல் பாறைகளுக்கு நடுவே குகை. குனிந்து, படுத்து, நெஞ்சு உரச நகர்ந்து போகவேண்டும். உள்ளே போன இளவட்டங்களில் ஒருவன் மூச்சு முட்டி, நகர மாட்டேன் என்று கத்த ஆரம்பித்தான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஐடா அவனுக்குப் பின்னால் இருந்தாள். கல்லை எடுத்துச் சுவரில் தட்டினாள். மூன்று, மூன்று. நான் தட்டுவதை மட்டும் கேள், வேறு ஒன்றையும் யோசிக்காதே என்றாள். பத்து நிமிஷத்தில் அவன் நகர்ந்தான். வெளியே வந்ததும் வாணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வாணியின் வேனில் ஐடாவுக்கு ஒரு இடம் நிரந்தரம். சாவனதுர்கா, ஸ்கந்தகிரி, அவணி, பெயர் தெரியாத குன்றுகள். ஷூ வாங்கினாள். புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள். மலையேறும்போது அவளிடம் யாரும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. மூச்சு வாங்குகிறவனுக்குக் கேள்வி கேட்கத் தெம்பு ஏது?

பிள்ளை இல்லாத குறைக்கு மலையைப் பிடித்துக்கொண்டாள் என்று யாராவது சொன்னால் ஐடாவுக்குக் கோபம் வரும். குறை குறையாகத்தான் இருந்தது. மலை அதை அடைக்கவில்லை. ஆனால் உச்சிக்குப் போகிற அந்த இரண்டு மணி நேரம், இந்த உடம்பு எதையோ செய்யத் தவறிய உடம்பாக இல்லாமல், நடக்கிற உடம்பாக இருந்தது. அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. ஆபீசில் ஆடிட், ஞாயிற்றுக்கிழமையும் ட்யூட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்மண்ட் நம்பினான். டீனா மட்டும், கர்த்தருடைய நாளில் அப்படி என்ன பெருக்கித் துடைக்கிற வேலை என்று முணுமுணுத்தாள்.

அந்த டீனாதான் புது ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தது. நாற்பத்தி ரெண்டு வயதிலும் அங்கே தங்கியிருக்கிறதாம், அவள் சர்ச்சில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளையாம். எட்மண்ட் தானே போய் விசாரித்தான். ஆடி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை வந்தால் நாலாவது தடவைக்கு மருந்து ஆரம்பிக்கலாம் என்று நாள் குறித்துக்கொண்டு வந்தான். பழைய பிளாஸ்கைத் தேடி எடுத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தான். அவன் கழுவுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐடாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் தள்ளினாள். சொன்னால் அவன் முகம் என்னவாகும் என்ற பயம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு, சக்லேஷ்பூர் பக்கம் ஒரு மலைக்கு இரண்டு வேன் போவதாக இருந்தது. சனி, ஞாயிறு ட்யூட்டி, அங்கேயே தங்கிவிட்டுத் திங்கள் காலை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்று எட்மண்டிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். பிளாஸ்கை நான் கொண்டுவருகிறேன் என்றான்.

மலையில் மழை சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. புல்மேடு, அதற்குக் கீழே சோலைக்காடு. இருபத்தாறு பேர். பதினோரு மணிக்கு மூடுபனி வந்தது. வருகிறது என்று பார்ப்பதற்குள் வந்துவிட்டது. ஷூ கயிறு கட்டக் குனிந்த ஐடா நிமிர்ந்தபோது முன்னால் போனவன் முதுகு இல்லை. கூப்பிட்டாள். சத்தம் பஞ்சில் விழுந்த மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. நீட்டிய கையில் விரல் தெரியவில்லை.

அவள் அப்பா சொன்னதைச் செய்தாள். ஒரு பாறையோரமாக உட்கார்ந்தாள். கல்லை எடுத்துத் தட்டினாள். மூன்று, மூன்று.

மலையில் வழி தப்பினவர்கள் செய்வது வேறு. ஓடுவார்கள், கத்துவார்கள், பள்ளத்தில் இறங்குவார்கள். உட்கார்ந்து கல்லைத் தட்டுவது கோலார் தங்கவயல்காரி ஒருத்தி மட்டும் செய்கிற காரியம். தட்டினால் கேட்கிற குழாய் அங்கே ஒன்றும் ஓடவில்லை. ஈரப் பாறை, சத்தத்தைத் தின்றுவிட்டது. பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. போனில் சிக்னல் இல்லை. அட்டைகள் ஷூவுக்குள் புகுந்து காலில் ஒட்டின. பிய்த்துப் போட்டாள். தட்டினாள். மூன்று மணிக்குப் பல் கிட்டிக்கொள்ள ஆரம்பித்தது. வருவார்கள் என்று நம்பினாள். உட்கார்ந்தவனைத் தேடித்தான் ஆள் வரும்.

கீழே நடந்தது இதுதான். முதல் வேன்காரர்கள் அவள் இரண்டாவது வேனில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது வேன்காரர்கள் முதல் வேனில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். மழைக்குப் பயந்து அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள்.

ஐடாவுக்கு அது தெரியாது. ஆனால் நாலு மணிவாக்கில், கை மரத்துக் கல் நழுவி விழுந்தபோது, அவளுக்கு ஒன்று உறைத்தது. அப்பா உட்கார்ந்தார் என்றால், மேலே பலகை இருந்தது. ஆணி காலி என்று பார்க்க ஒரு ஆள் இருந்தான். இங்கே பலகை எங்கே? கூட வந்தவர்கள் தேடுவதாக இருந்தால் இதற்குள் வந்திருப்பார்கள். வீட்டில் அவள் ட்யூட்டியில் இருக்கிறாள். ட்யூட்டியில் அவள் வீட்டில் இருக்கிறாள். அவள் இந்த மலையில் இருக்கிறாள் என்று காட்டுகிற ஆணி உலகத்தில் எங்கேயும் இல்லை. அவளே அப்படிச் செய்துவைத்திருந்தாள்.

இன்னும் எத்தனை நேரம் தட்டினாலும் யாரும் வரப்போவதில்லை.

எழுந்தாள். முட்டி மடங்கவில்லை. தரையில் கையை வைத்து மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கமாக, பாதி தூரம் உட்கார்ந்தபடியே, இறங்கினாள். இரண்டு தடவை சறுக்கி விழுந்தாள். இடது முட்டி கிழிந்து எலும்பு தெரிந்தது. சோலைக்குள் பனி கொஞ்சம் விலகியது. இருட்டுகிற நேரத்தில், ஏறின பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

அங்கே ஒரு பெண் அவளை அடுப்பருகில் உட்காரவைத்து, காலில் ஒட்டியிருந்த அட்டைகள் மேல் உப்பு வைத்து எடுத்தாள். முட்டியைத் துணியால் கட்டினாள். சுடச்சுடக் காப்பி கொடுத்தாள். எந்த ஊர், என்ன பேர் என்று கன்னடத்தில் கேட்டாள். அடுத்த கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான், பிள்ளைகள் எத்தனை.

"மக்களு எஷ்டு?"

எட்டு வருஷமாக இதற்கு ஐடா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். ட்ரீட்மென்ட் நடக்கிறது, கர்த்தர் கொடுப்பார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த கன்னடத்தில், வேறு பதில் சொன்னாள்.

"இல்லா. இன்மேலூ இல்லா."

அந்தப் பெண் இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே எட்மண்ட் பிளாஸ்கும் ஃபைலுமாக ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதரைக்கு அவனுக்குப் போன் வந்தது. வாணி. ராத்திரி சாப்பாட்டுக்கு வேன்கள் ஓரிடத்தில் நின்றபோதுதான் ஆள் குறைந்தது தெரிந்ததாம். திரும்பிப் போய் விடியவிடியத் தேடுகிறார்களாம். எந்த மலை, எந்த ஊர் என்று அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் பெண்சாதி ட்யூட்டியில் இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அரை மணி கழித்து ஐடாவே தோட்டத்து ஆபீசிலிருந்து பேசினாள். உயிரோடு இருக்கிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

அவள் நொண்டிக்கொண்டு வீடு வந்தபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்க் மேசைமேல் இருந்தது.

"டாக்டரம்மா பதினோரு மணி வரைக்கும் பாத்தாங்க" என்றான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா பொய் சொல்லிக்கினு கீற?"

"ரெண்டு வருசம்."

அவன் அவள் முட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கேட்க நினைத்ததைக் கேட்காமல் வேறு சொன்னான்.

"நாளைக்கு வந்தாலும் ஆரம்பிக்கலாமாம். கேட்டுக்கினுதான் வந்தேன்."

"வேணாங்க. போதும்."

"இன்னா போதும்?"

"ஊசி போதும். நாள் எண்றது போதும். எனக்கு இன்மேல இது வேணாம்."

அவன் அவளைப் பார்க்காமல் பிளாஸ்கைப் பார்த்துப் பேசினான்.

"பொட்டியத் தூக்கிக்கினு வந்தவன் நானு, ஐடா. ரயில்ல எடம் இல்ல. நின்னுக்கினே வந்தேன். சீட்டாடறவங்க கேட்டாங்க, இன்னா எட்மண்டு, பொட்டில இன்னான்னு. ஸ்பேர் பார்ட்டுன்னு சொன்னேன். எம்மவள நான் ஸ்பேர் பார்ட்டுன்னு சொன்னேன்."

அவளுக்கு அது தெரியாது. ஏழு வருஷம் அதை அவன் தினமும் அதே ரயிலில், அதே ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுமந்திருக்கிறான். அன்றைக்கு அப்புறம் சீட்டை ஏன் கையால் தொடவில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. எழுந்துபோய் அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம், சரி, நாளைக்குப் போகலாம் என்று சொல்லலாம். சொல்லியிருப்பாள். முட்டி எழவிடவில்லை. அந்த நேரத்துக்குள் அவளுக்கு வார்த்தை வந்துவிட்டது.

"அந்தச் சொல்ல மாத்தறதுக்கு இன்னொண்ணு எங்கிட்ட இல்லீங்க. இருந்தா குடுப்பேன்."

எட்மண்ட் எழுந்து வெளியே போனான். அன்று ஆண்டர்சன்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கினான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். வந்தான், சாப்பிட்டான், வேலைக்குப் போனான், அவளோடு பேசவில்லை. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான்.

பேச வேண்டியதையெல்லாம் டீனா வந்து பேசினாள். பெற்றோர் ஜெபத்தையும் சபையின் உபவாசத்தையும் காலில் போட்டு மிதித்துவிட்டாய் என்றாள். கடைசியாக, "மலை ஏற்றதுக்குத் தெம்பு கீது, புள்ள பெத்துக்கத்தான் தெம்பு இல்லயா?" என்று கேட்டாள்.

"காப்பி ஆறிப்போவுது அண்ணி, குடிங்க" என்றாள் ஐடா.

டீனா காப்பியைக் குடித்துவிட்டு அழுதாள். தம்பிக்காகத்தான் அழுதாள். ஐடாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் அழுவதும் ஒரே ஆளுக்காகத்தான், ஆனால் சேர்ந்து அழ முடியவில்லை.

முட்டி ஆற இரண்டு மாசம் ஆனது. வாணி வந்து பார்த்தாள். தன்னால்தான் எல்லாம் என்று புலம்பினாள், இனி வேன் போகாது என்றாள். போகட்டும், நான் கடைசி ஆளாக வருகிறேன் என்றாள் ஐடா. முன்னால் போகிறவர்களுக்கு வழி தெரிந்தால் போதும். கடைசியில் வருகிறவளுக்கு எத்தனை பேர் என்று தெரிந்திருக்க வேண்டும். வழியில் யார் உட்கார்ந்துவிட்டாலும் அவள் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

ராபர்ட்சன்பேட்டை இரும்புக் கடையில் முப்பது பெரிய வாஷர் வாங்கி வந்தாள். ஒரு மரப்பலகையில் முப்பது ஆணி அடித்தாள். வேனை விட்டு இறங்கும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும், திரும்பி ஏறும்போது மாட்ட வேண்டும். பலகை நிறையாமல் வண்டி நகராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து, உளியும் சுத்தியுமாக வாஷர்களில் எண் வெட்டினாள். கோணல்மாணலாக வந்தது. இரும்பில் வெட்டுவது எட்மண்டின் தொழில். கையில் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பான். அவன் கதவோரம் நின்று பார்த்தான், உள்ளே போனான், மறுபடி வந்து பார்த்தான். கை வைக்கவில்லை. சாயங்காலம் வெட்டி முடித்ததை அவள் வரிசையாக அடுக்கியபோதுதான் வாயைத் திறந்தான். இரண்டரை மாசத்தில் முதல் பேச்சு.

"ஆறுக்கும் ஒம்பதுக்கும் கீழ ஒரு கோடு போடு. இல்லாட்டி ஆள மாத்தி எண்ணிடுவ."

போட்டாள்.

அதற்கப்புறம் மாசம் ஒரு மலை. இப்போது பொய் சொல்லவில்லை. போகிற சனிக்கிழமை எந்த மலை, எந்த ஊர், எங்கே வந்து இறங்குவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைப்பாள். நிலைப்படி ஆணியிலிருந்து அப்பாவின் 1147-ஐ எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். திரும்பி வந்ததும் ஆணியில் மாட்டுவாள். எட்மண்ட் தாளைப் படித்தானா, ஆணியைப் பார்த்தானா, தெரியாது. அவன் தன் பாட்டுக்கு இருந்தான். பேச்சு வந்திருந்தது, உப்பு, அரிசி, ரயில் நேரம் அளவுக்கு. அவள் வயிற்றில் ஊசி குத்திய தழும்புகள் மங்கின. கை தேய்த்துச் சூடாக்குகிற மனுஷன் திரும்பி வரவில்லை.

மாசி மாசத்தில் ஒரு ஞாயிறு. மலையெல்லாம் ஒழுங்காக முடிந்து, பலகை நிறைந்து, வேன் அவளைப் பங்காருபேட்டையில் இறக்கிவிட்டுப் போனது. மாரிகுப்பம் ரயில் அன்று ஓடவில்லை. தண்டவாள வேலையாம். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லை. ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று எழுதி வைத்தவள், எட்டு மணி தாண்டி ஸ்டேஷன் பெஞ்சில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் பஸ் வரும். பயம் ஒன்றும் இல்லை. மலையில் உட்கார்ந்ததற்கு இது ஒன்றுமே இல்லை.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எட்மண்டின் ஸ்கூட்டருக்கு ஒரு இருமல் உண்டு, ஏசுபாதம் இருமல் மாதிரி. அவன் ஸ்டேஷனுக்குள் வந்து பிளாட்பாரத்தை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். கையில் டார்ச் இருந்தது. விளக்கு எரிகிற பிளாட்பாரத்தில் எதற்கு டார்ச் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. அவள் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"ஆணி காலியா இருந்துச்சு" என்றான்.

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். ஸ்கூட்டரில் அவள் ஏறி உட்கார்ந்ததும் உடனே கிளப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டான்.

"மேல அப்டி இன்னாதான் கீது?"

இவ்வளவு நாளில் அவன் அதைக் கேட்டது முதல் தடவை. அவள் யோசித்தாள். அவனுக்கு நல்லதாக ஒன்று சொல்லவேண்டும் என்று ஆசையாக இருந்தது. தேடிப் பார்த்தாள். பொய் மட்டும்தான் கிடைத்தது.

"ஒண்ணும் இல்லீங்க. காத்து அடிக்கும்" என்றாள்.

அவன் தலையாட்டினான். ஸ்கூட்டரை உதைத்தான். இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது.